கண்பக்குவம்

மாலை ஐந்தரை மணிக்குத்தான் நாள் மாறுகிறது என்பதில் உறுதியாக இருக்கிற நூற்றெண்பது பேர், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கயத்தாறு புறவழிச்சாலையோரத் திருமண மண்டபத்தில் கூடியிருந்தார்கள். மண்டபத்து மேலாளருக்கு விஷயம் கடைசிவரை பிடிபடவில்லை. விழா எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கு, "நாள் பிறக்கிற நேரத்துக்கு" என்று பதில் வந்ததும், முகூர்த்தம் மாலை 5.30 என்று எழுதிக்கொண்டு வாசலில் வாழைமரம் கட்டிவிட்டார்.

கூடியவர்கள் தென்மாவட்டங்களின் ஒன்பது வான்நோக்கர் மன்றங்களைச் சேர்ந்தவர்கள். கூட்டமைப்புக்கு அன்று வெள்ளிவிழா. வானத்தைப் பார்த்து எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இரவு இரண்டு தேதியாக உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, நாளை நள்ளிரவில் மாற்றாமல் நடுப்பகலில் மாற்றுவார்கள். அந்த நடுப்பகல் லண்டன் பக்கத்து நடுப்பகல். நம் ஊர்க் கடிகாரத்தில் அது மாலை ஐந்தரை. ஒவ்வோர் ஆண்டுவிழாவிலும் சரியாக ஐந்தரைக்கு மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து "நாள் மாறியது" என்பார். உடனே எல்லோரும் மடியில் இருக்கும் பதிவேட்டில் ஒரு தாளைப் புரட்டுவார்கள். அந்தச் சரசரப்பைக் கேட்பதற்காகவே ராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் இருந்தார்கள்.

இந்த வருடம் அதைச் சொல்ல வேண்டியவர் கயத்தாறு மன்றத்து சிதம்பரதாணு. வயது அறுபத்தெட்டு. வீடு வீடாகப் போய் மின் மீட்டரில் ரீடிங் எடுக்கிற வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பூட்டிய வீட்டுக்குப் "பூட்டு" என்று எழுதுவாரே தவிர, போன மாதத்தைப் பார்த்து உத்தேசமாக ஒரு எண்ணைப் போடமாட்டார். அதே புத்திதான் வானத்திலும். மேகம் மூடிய இரவுக்கு "மேகம்" என்று எழுதுவார். கூட்டமைப்பின் பதிவேடுகளுக்கெல்லாம் அவர்தான் செயலாளர். முதல் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இரண்டு வரி அச்சாகியிருக்கும்: பார்த்ததை எழுது. பார்க்காததை எழுதாதே.

மேடை மேஜையில் அவருக்கு ஒரு செப்புத் தகடு காத்திருந்தது. 'இருபத்தைந்து ஆண்டு, ஒரு நாள் விடாமல்: சிதம்பரதாணு, கயத்தாறு' என்று பொறித்திருந்தார்கள். ஒன்பது மன்றத்திலும் அப்படி விடாமல் எழுதியவர் அவர் ஒருவர்தான்.

அவர் எழுதியது ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பற்றி: திருவாதிரை. சிவந்து கிழடான நட்சத்திரம். ஒளி ஏறும், இறங்கும், என்றைக்காவது வெடிக்கும். நிலவின் மறுபக்கத்தில் நிறுத்தியிருக்கிற பெரிய தொலைநோக்கிகளால் அதைப் பார்க்க முடியாது. அத்தனை ஒளிக்கு அவற்றின் கண் கூசிவிடும். ஆக இந்த ஒரு வேலைக்கு இன்றைக்கும் மனிதக் கண்தான். பக்கத்தில் இருக்கிற ரோகிணியோடு ஒப்பிட்டு, இன்று இவ்வளவு என்று ஓர் எண் எழுத வேண்டும். எண் குறையக் குறைய ஒளி கூடுதல். புள்ளி எட்டு என்பதை எட்டு என்பார்கள், புள்ளி நாலை நாலு என்பார்கள். எட்டைவிட நாலு பிரகாசம். அவ்வளவுதான் கணக்கு. ஆனி மாதத்தை ஒட்டி அது சூரியனுக்குப் பக்கத்தில் போய் மறைந்திருக்கும் நாட்களில்கூட தாணு வெறும் தாளாக விடாமல் "சூரியன்" என்று எழுதிவைப்பார்.

மண்டபத்தின் இன்னொரு கோடியில், மின்விசிறிக்கு நேர் கீழே, சாத்தான்குளம் ஜெபமணி உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். கூட்டமைப்பைத் தாணுவோடு சேர்ந்து தொடங்கியவர். அவருக்கும் திருவாதிரைதான். ஆறாவது ஆண்டுவிழா வரை இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து வானம் பார்த்தவர்கள். கோவில்பட்டியில் நடந்த அந்த ஆறாவது விழாவில், முதல்முறையாக இருவர் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரையில் போட்டார்கள். ஜெபமணி எட்டு என்று எழுதிய இரவில் தாணு நாலு என்று எழுதியிருந்தார். ஒன்பது என்ற இரவில் ஐந்து. ஒரே நட்சத்திரம், ஒரே இரவு. தாணு பார்க்காமலே எழுதுகிறான் என்று ஜெபமணி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். டிராயிங் மாஸ்டருக்குச் சிவப்பே தெரியவில்லை என்றால் பிள்ளைகள் பாவம் என்று தாணு பதில் சொன்னார். சாயங்காலத்துக்குள் ஜெபமணி முன்மொழிந்து விதி ஒன்பது நிறைவேறியது: பார்க்காததைப் பார்த்ததாக எழுதிய உறுப்பினரின் பதிவேடு முழுவதும் தள்ளப்படும்.

அன்றிலிருந்து பத்தொன்பது வருடமாக இருவரும் நேரே பேசியதில்லை. பேச வேண்டியிருந்தால் தலைவர் வழியாக. "தலைவர் அவர்களே, கயத்தாறு நண்பருக்குச் சொல்லுங்கள்" என்று அங்கேயிருந்து வரும். "சாத்தான்குளத்து நண்பருக்குத் தெரிவியுங்கள்" என்று இங்கேயிருந்து போகும். தலைவராக வருகிறவர்கள் கழுத்து வலியோடு வீடு திரும்புவார்கள். தாணுவின் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. ஜெபமணியின் பதிவேட்டில், ஒரு தை மாதத்தில், பாதி மாதம் வெறும் தாள். மேகம் என்றுகூட எழுதவில்லை. செயலாளர் என்ற முறையில் தாணு ஒவ்வொரு வருட அறிக்கையிலும் அதை வாசிப்பார்: "சாத்தான்குளம் ஜெபமணி, இடைவெளி உண்டு, காரணம் தெரிவிக்கப்படவில்லை." வாசித்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார். ஜெபமணி ஒவ்வொரு வருடமும் அப்போது மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார்.

இந்த வெள்ளிவிழாவில் புதிதாக வந்திருந்தது கண்பக்குவம்.

அது ஹாஜிரா எழுதிய மென்பொருள். காயல்பட்டினத்துக்காரி, திருநெல்வேலியில் கண் பரிசோதனைக் கருவிகள் வடிவமைக்கிற பொறியாளர். வயது முப்பத்தைந்து. ஒன்பது மன்றங்களின் நான்கு லட்சம் பதிவுகளையும் மூன்று மாதமாக அதற்கு ஊட்டியிருந்தாள். ஒரே அரிசி, ஒரே பருப்பு, ஆனாலும் ஆளுக்கு ஆள் குழம்பு மாறுகிறதே, அதைக் கைப்பக்குவம் என்கிறோம் அல்லவா. அதுபோல ஒரே நட்சத்திரத்தை ஆளுக்கு ஆள் மாற்றிப் பார்ப்பது கண்பக்குவம். ஒருவர் சிவப்பை எவ்வளவு கூட்டிப் பார்க்கிறார், மெல்லிய மேகத்தில் எவ்வளவு தயங்குகிறார், எந்த எண்ணை எழுதக் கூச்சப்படுகிறார் என்று மென்பொருள் கற்றுக்கொண்டு, அந்தப் பக்குவத்தைக் கழித்துவிட்டு நட்சத்திரத்தை மட்டும் தனியே எடுத்துவிடும். திருத்திய பதிவுகள் அன்று ஐந்தரைக்கு வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்குப் போக வேண்டும்.

நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் கண்ணைக் கற்றுக்கொண்ட யந்திரத்துக்குக் கண்ணுக்கு உரியவரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துவிடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆளுக்கொரு மூடிய உறை கொடுத்தார்கள். விருதுநகர்க்காரர் ஒருவருக்குப் பச்சை நிறம் பிறந்ததிலிருந்தே சரியாகத் தெரியவில்லை என்று வந்திருந்தது. அவர் ஐம்பத்திரண்டு வயதில் தன் சட்டையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தென்காசியிலிருந்து வந்த அம்மாவுக்கு, தள்ளிப்போடாமல் கண் டாக்டரைப் பார்க்கவும் என்று இருந்தது. உடன்குடிக்காரர் ஒருவர் தன் கல்யாணத்தன்று மாலை எழுதிய பதிவு, ஐயமில்லாமல் அவர் கண்ணால் பார்த்ததே என்று சான்று வந்திருந்தது. அவர் மனைவி அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். இரண்டு பேர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, உறையை வாங்காமலே போய்விட்டார்கள். அவர்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தாணுவின் உறை மேஜையில் இல்லை. கேட்டதற்கு, ஹாஜிராவிடம் இருப்பதாகச் சொன்னார்கள். அப்போது மணி மூன்று பத்து. அவருக்குப் பயம் பிடித்தது.

பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் அவருக்கு வலக்கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே காற்றுக் குமிழ் வைத்திருக்கிறோம், அது மேலே மிதந்து விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும், ஆகவே அசையாமல் குப்புறப் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடக்கண் நன்றாகத்தான் இருந்தது. நிமிர்ந்தால்தானே வானம்? வெளியே யாரிடமும் குப்புறப் படுக்கையைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. கண்ணில் சின்ன ஆபரேஷன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த நாட்களில் மனைவி பிரமநாயகி மாலையில் மாடிக்குப் போய்ப் பத்து நிமிடம் கழித்து இறங்கி வருவாள், எண்ணைச் சொல்வாள், அவர் பேரில் அவளே பதிவேட்டில் எழுதுவாள். அவள் சொன்ன எண்கள் அவர் எண்களைப் போலவே இருந்ததில் அவருக்கு ஆச்சரியம். முப்பது வருடம் கூட வாழ்ந்தால் கண்ணும் ஒன்றாகிவிடும்போல என்று, தரையைப் பார்த்தபடி, கொஞ்சம் பெருமைகூடப் பட்டார். எழுந்தபின் மன்றத்தில் எல்லோரும், ஒற்றைக் கண்ணோடும் மனுஷன் ஒரு நாள் விடவில்லையே என்று புகழ்ந்தார்கள். அவர் மறுக்கவில்லை. மறுக்காமல் விட்ட அந்த ஒரு நிமிடம் ஒன்பது வருடமாக அவரோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

மணமகன் அறை என்று எழுதியிருந்த அறைக்கு ஹாஜிரா அவரைக் கூட்டிப்போனாள். கதவைச் சாத்தினாள். உறையை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"சார், ஒன்பது வருஷத்துக்கு முந்தி, தை மாசம் ஆறாந்தேதியிலருந்து பதினேழு நாள். அது உங்க கண்ணு இல்ல."

தாணு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ இரவுகளில் இந்த வாக்கியத்துக்குப் பதில் தயாரித்திருக்கிறார். இப்போது அந்தப் பதில் வந்தது. குப்புறப் படுத்த கதையை முதலிலிருந்து, தேதி வாரியாகச் சொன்னார். மனைவி பார்த்துச் சொன்னாள், அது தப்புதான், என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்து கொள்ளுங்கள் என்று முடித்தார்.

ஹாஜிரா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "உங்க வீட்டம்மா கண்ணும் இல்ல சார்."

"என்னம்மா சொல்லுத?"

"அந்தப் பதினேழுல பதினோராம் நாளு கயத்தாறுல மேகம். உங்க மன்றத்துல மூணு பேரு மேகம்னு எழுதியிருக்காங்க. உங்க ஏட்டுல மட்டும் நாலுன்னு இருக்கு. மேகத்துக்குள்ள யாரு பாத்தா? சரி, அது எந்தக் கண்ணுன்னு தேடினேன். இன்னொண்ணும் பாருங்க, பதினேழு நாள்லயும் மூணுங்கிற எண்ணே வரல. ரெண்டு இருக்கு, நாலு இருக்கு. மூணைத் தாண்டிக் குதிச்சிருக்கு. மூணு எழுதாத ஆளு நம்ம ஒம்பது மன்றத்துலயும் கிடையாது."

"பொறவு?"

"ஏழு எழுதாத ஆளு ஒருத்தர் இருக்காரு. இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு ஏழு கிடையாது. ஆறு எழுதுவாரு, எட்டு எழுதுவாரு. அந்தப் பதினேழு எண்ணோடயும் நாலு நாலாக் கூட்டிப் பாத்தேன். அப்படியே ஒட்டிக்கிட்டு."

ஏழு எழுதாதவர் யார் என்று தாணுவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பை மட்டும் இரண்டு தடவை படித்ததால் அந்த எண்ணின் முகத்திலேயே விழிப்பதில்லை என்று பழைய நாளில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு சிரித்துச் சொன்ன மனிதர்.

ஹாஜிரா மடிக்கணினியைத் திருப்பி இன்னொரு பதிவேட்டைக் காட்டினாள். சாத்தான்குளம், ஜெபமணி, அதே தை. ஆறாம் தேதியிலிருந்து பதினேழு நாள். வெறும் தாள்.

அந்த வெறும் தாள் எந்த வருடத்துத் தை என்று தாணுவுக்கு நன்றாகத் தெரியும். கட்டுப் போட்ட கண்ணோடு என் ஏடு நிற்கவில்லை, இரண்டு கண்ணும் நன்றாக இருந்தவன் தூங்கிவிட்டான் என்பதுதான் இத்தனை வருடமும் அறிக்கை வாசிக்கும்போது அவர் நாக்கில் இருந்த ருசி. ஓர் இரவில் பார்த்ததை ஒரு ஏட்டில்தான் எழுத முடியும். இன்னொருவன் ஏட்டுக்குக் கொடுத்துவிட்டால், தன் ஏட்டில் எழுத எதுவும் மிச்சமிருக்காது. பார்த்த இரவுக்கு மேகம் என்று எழுதினால் அதுவும் பொய். ஜெபமணி பொய் எழுதவில்லை. காலியாக விட்டுவிட்டு, வருடா வருடம் மின்விசிறியைப் பார்த்திருக்கிறார்.

தன்னால் இதை மறைக்க முடியாது என்று ஹாஜிரா தெளிவாகச் சொன்னாள். விதி ஒன்பதின்படி தாணுவின் ஏடு முழுக்கத் தள்ளுபடி; எண்ணை மாற்றிக் கொடுத்ததற்காக ஜெபமணியின் ஏடும் போகலாம். தெற்கில் திருவாதிரைக்கு இருபத்தைந்து வருடப் பதிவு இந்த இரண்டுதான். இரண்டும் போனால் ஆய்வகத்துக்கு அனுப்ப ஒன்றும் இல்லை. "ஐந்தரை வரைக்கும் இந்த உறை உங்களோடது. அதுக்கு மேல எல்லாருக்கும்" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிரமநாயகி சாப்பாட்டுக் கூடத்தில் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து, தான் செய்து கொண்டுவந்திருந்த முந்திரிக்கொத்தை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்ததும் தூக்குவாளியை மூடிவிட்டு எழுந்து வந்தாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றார்கள்.

"அந்தப் பதினேழு நாளும் நீ மாடிக்குப் போயி என்ன செஞ்ச?"

அவள் திடுக்கிடவில்லை. ஒன்பது வருடமாக இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்து, அலுத்துப்போனவளைப் போலச் சொன்னாள்: "போனு பேசினேன்."

முதல் நாள் அவள் உண்மையாகவே அண்ணாந்து பார்த்தாள். எல்லாமே நட்சத்திரமாகத்தான் இருந்தது. ரோகிணி எது, திருவாதிரை எது என்று அவர் தரையைப் பார்த்தபடி கையைக் கையை ஆட்டி விளக்கியதில் ஒன்றும் புரியவில்லை. தெரியவில்லை என்று இறங்கி வந்து சொன்னால் மனிதர் துள்ளி எழுந்துவிடுவார், கண் போய்விடும். அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒரு பேர்தான்.

"நான் கேட்டதும் அண்ணாச்சி ஒண்ணும் சொல்லல. 'இருங்க மதினி'ன்னுட்டு வெளிய போயிப் பாத்துட்டு வந்தாரு. 'நான் பாத்தது எட்டு. அவனுக்கு நாலு குறையும். நாலுன்னு எழுதுங்க'ன்னாரு. தெனமும் அப்படித்தான். ஒரு நாளு ரெண்டுங்கிற எண்ணைச் சொல்லிட்டு, 'இன்னைக்குப் பாத்தா சந்தோசப்பட்டிருப்பான், நல்லா எரியுது'ன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா எழுத விட்டிருப்பீயளா?"

அவளே மறுபடியும் சொன்னாள்: "அவரும் சொல்லாண்டாம்னுட்டாரு. தெரிஞ்சா அந்த ஏட்டைக் கிழிச்சிருவான், நல்ல ஏடு மதினின்னாரு."

மணி நாலரை. தாணு மண்டபத்தின் வாசலில் வாழைமரத்தடியில் நின்று காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உறையை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். ஒரு வழி இருந்தது. தலைவரிடம் போய், மென்பொருள் எதைக் காட்டினாலும் பதினேழு நாளும் மனைவிதான் பார்த்தாள் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். தகடு போகும், ஏடு போகும், ஜெபமணி தப்பிவிடுவார். அதுவே மரியாதையான வழி என்று அரை மணி நேரம் தோன்றியது. பிறகுதான், அதுவும் பார்க்காததை எழுதுவது என்று உறைத்தது.

ஐந்து இருபதுக்கு மேடையேறினார். தலைவர், சிவகாசி மன்றத்து மீனலோசனி டீச்சர், தகட்டைக் கையில் எடுத்தார். தாணு அதை வாங்கவில்லை. ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்து, மின் மீட்டர் எண்ணை வாசிக்கிற குரலில் விதி ஒன்பதை வாசித்தார். முன்மொழிந்தவர் பேரையும் வாசித்தார். பிறகு, ஒன்பது வருடத்துக்கு முன் தை மாதத்தில் பதினேழு நாள் நான் நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை, குப்புறப் படுத்திருந்தேன், ஆனால் என் பேரில் எண் எழுதியிருக்கிறது, அதைத் தெரிந்தே விட்டுவிட்டேன் என்றார். எண் எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் தான் அல்ல என்று நினைத்தார்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"தலைவர் அவர்களே," என்றார் ஜெபமணி. எல்லாத் தலையும் திரும்பின. "கயத்தாறு நண்பருக்கு ஒரு விஷயம் சொல்லுங்க. அந்தப் பதினேழு நாளும் பாத்தது நான். எழுதினது மதினி. பக்குவம் அவனுது. விதி ஒம்பதுல யாரத் தள்ளணும்னு அவரையே கேட்டுச் சொல்லுங்க."

மீனலோசனி டீச்சர் வழக்கப்படி தாணுவின் பக்கம் கழுத்தைத் திருப்பினார். அவர் வாய் திறக்குமுன்பே தாணு பேசினார்.

"தலைவர் அவர்களே, சாத்தான்குளத்து நண்பர்கிட்ட நானும் ஒண்ணு கேக்கணும். என்னையப் பாக்காம எழுதுதவன்னு சொன்னாருல்லா. எனக்கு நாலு குறையும்னு அவருக்கு எப்பம் தெரிஞ்சுது?"

ஜெபமணி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். இந்த முறை அது உதவவில்லை.

"அன்னைக்குக் கோவில்பட்டியிலருந்து வீட்டுக்குப் போற பஸ்ஸுலயே தெரிஞ்சு போச்சு. ரெண்டு ஏட்டையும் மடியில வச்சிப் பாத்தேன். எல்லா நாளும் அதே நாலு. பொய் எழுதுதவன் இவ்வளவு ஒழுங்கா எழுத மாட்டான். கண்ணு வேற, அவ்வளவுதான். சொல்லுததுக்குத்தான் பத்தொம்பது வருஷமாயிட்டு."

யாரோ சிரித்தார்கள்; பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள்; பிறகு சிரிப்பு எங்கேயோ சிக்கி நின்றது.

மணி ஐந்து இருபத்தாறு. தலைவர் விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். விதி ஒன்பது, பார்க்காததை எழுதிய உறுப்பினரைப் பற்றியது. எழுதியவர் பிரமநாயகி அம்மாள். அம்மாள் உறுப்பினர் அல்ல. பதினெட்டு வருடத்துக்கு முன் சேர விண்ணப்பித்தபோது, ரோகிணியையும் திருவாதிரையையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை என்று செயலாளர் சிதம்பரதாணுவே நிராகரித்திருக்கிறார். ஆகவே விதி பொருந்தாது.

"நல்ல காலம், என்னையச் சேக்கல" என்று பின்னாலிருந்து பிரமநாயகியின் குரல் வந்தது.

பதினேழு எண்ணையும் நாலு கூட்டி, பார்த்தவர் ஏட்டுக்கே திருப்ப முடியுமா என்று தலைவர் கேட்டார். ஹாஜிரா விசைப்பலகையில் நாலு தட்டுத் தட்டினாள். ஜெபமணியின் வெறும் தாள்கள் நிறைந்தன. தாணுவின் ஏட்டில் பதினேழு கட்டங்கள் காலியாயின. காரணம் என்ற இடத்தில் என்ன எழுத என்று அவள் கேட்க, தாணு மேடையிலிருந்தே சொன்னார்: "தரை." அப்படியே எழுதினாள். ஐந்தரைக்கு இரண்டு ஏடுகளும் போய்ச் சேர்ந்தன.

"நாள் மாறியது" என்றார் தாணு. மண்டபமெங்கும் தாள்கள் சரசரத்துப் புரண்டன.

தகடுதான் அநாதையாகிவிட்டது. இனி விடாமல் எழுதியவர் ஜெபமணி, ஆகவே அவருக்கு என்றார் தாணு. பொறித்திருக்கிற பேர் என் பேரில்லை, பார்க்காத பேரை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார் ஜெபமணி. இதற்கும் தலைவர் வழியாகத்தான் பேசினார்கள். பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்த்த பிரமநாயகி, அதைத் துடைத்து, மிச்சமிருந்த முந்திரிக்கொத்தை அதில் அடுக்கி இருவருக்கும் நடுவில் நீட்டினாள். எடுத்துக்கொண்டார்கள்.

ஆறே முக்காலுக்கு எல்லோரும் மண்டபத்துப் பின்புறத் திடலில் நின்றார்கள். புது நாளின் முதல் பதிவை எல்லோரும் சேர்ந்து எடுப்பது வழக்கம். மேற்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. காற்றாலைகளுக்கு மேலே, உயரத்தில் ரோகிணி. அதற்குக் கீழே, கிழக்கில் பாதி வானம் ஏறி, திருவாதிரை. ஹாஜிரா கூட்டமைப்பின் பொது ஏட்டோடு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். பிரமநாயகி தாணுவிடம், அந்தச் சிவப்பா இருக்கதுதானே என்று கேட்டாள். அவர் வியப்போடு ஆமாம் என்றார்.

இருவரும் பார்த்தார்கள். தாணு வழக்கம்போல வெறித்து நின்றார். ஜெபமணி வழக்கம்போல ஓரக்கண்ணால் இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவர் எண் இன்னொருவர் காதில் விழக் கூடாது என்பதற்காக ஹாஜிரா மூன்று எண்ணுவதாகவும், இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் சொல்ல வேண்டும் என்றும் ஏற்பாடு. எண்ணினாள்.

"எட்டு" என்றார் தாணு.

"நாலு" என்றார் ஜெபமணி.

தன் எண்ணை விட்டு மற்றவர் எண்ணைச் சொல்லிவிட்ட இருவரும், தலைவர் இல்லாமல், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாஜிராவின் பென்சில் ஒரு கணம் தாளுக்கு மேல் நின்றது. பிறகு அவள் குனிந்து, சிதம்பரதாணு என்ற பேருக்கு நேரே நாலு என்றும், ஜெபமணி என்ற பேருக்கு நேரே எட்டு என்றும் எழுதினாள். சொன்னதை எழுதவில்லை. பார்த்ததை எழுதினாள்.